சாப்பாட்டு மேசையில் ஒரு ட்ரோன்

நான் கட்டிய ட்ரோன் முதல் நாள் தொட்ட உயரம் ஒன்றரை அடி. அதுவும் வால் பக்கம் மட்டும்தான். மூக்கைப் புல்லில் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு குட்டிக்கரணம் அடித்து, மல்லாந்த கரப்பான்பூச்சி போலக் கிடந்து பீப் பீப் என்று கத்தியது. இரண்டு இறக்கைகள் முறிந்து வெகு தூரம் போய் விழுந்தன. அன்று ஒழுங்காகப் பறந்தவை அவை இரண்டும்தான். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் மாமா இருக்கும் தோட்டத்துத் திடல் அது. வேடிக்கை பார்க்க வந்த பொடியன்களில் ஒருவன் கைதட்டினான். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "சரி மாப்ள, உள்ள வா, கோப்பி குடிப்போம்" என்றார்.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. நான்கு மோட்டார் உள்ள ட்ரோனில் எல்லா மோட்டாரும் ஒரே பக்கம் சுற்றுவதில்லை. மூலைக்கு மூலை எதிரே இருக்கும் ஒரு ஜோடி கடிகார முள் போகிற பக்கம் சுற்றும், மற்ற ஜோடி அதற்கு எதிர்ப்பக்கம். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் இறக்கையிலும் இரண்டு வகை. என்னிடம் இருந்தவற்றில் இரண்டில் 1045 என்றும் இரண்டில் 1045 ஆர் என்றும் அச்சிட்டிருந்தது. 10 அங்குல நீளம், 4.5 அங்குலப் புரி (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). அந்த 'ஆர்' என்பது எதிர்த்திசைக்கான குறி. நான் அதை ரைட் என்று படித்து, இரண்டு 'ஆர்' இறக்கைகளையும் வலது பக்கம் மாட்டியிருந்தேன். ஆகவே முன்னால் இருந்த இரண்டும் காற்றைக் கீழே தள்ளாமல் மேலே தள்ளின. மூக்கு தரையை அழுத்தியது, வால் எழும்பியது. ட்ரோன் செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது.

கதை அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிட்டது. எனக்குப் பினாங்கின் பிறை நகரில் கணக்கெழுதும் வேலை. சோல்டர் கம்பியைக் கையால் தொட்டவன் இல்லை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அடுக்குமாடி வீட்டில் நானும் அம்மாவும் ஒரு அட்டைப்பெட்டியும் மாட்டிக்கொண்டோம். பெட்டி, பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் வீடு மாறும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. இறுதியாண்டு புரொஜெக்ட்டுக்கு வாங்கி முடிக்காமல் விட்டதாம். சிவப்பு வெள்ளைக் கைகளோடு எஃப்450 என்ற ட்ரோன் சட்டத்தின் (ஃப்ரேமின்) நகல் ஒன்று, நான்கு மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி நான்கு (ஒன்று கருகியிருந்தது), ட்ரோனுக்கு மூளையான, சின்னத் திரை உள்ள கேகே2 போர்டு. 450 என்பது மூலைக்கு மூலை மோட்டார்களுக்கு இடையிலான தூரம், மில்லிமீட்டரில்.

மோட்டாரின் மேல் 2212, 920 கேவி என்று எழுதியிருந்தது. கேவி என்றால் கிலோவோல்ட் என்று நினைத்து முதல் நாள் அதைத் தொடவே பயந்தேன். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அது. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக ஏறினால் 12.6 வோல்ட், 920 ஆல் பெருக்கினால் பதினோராயிரத்துச் சொச்சம் சுற்று. 2212 என்பது உள்ளே சுற்றாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரின் அளவு: 22 மில்லிமீட்டர் அகலம், 12 உயரம். கணக்கெழுதுகிறவனுக்கு இந்த மாதிரி எண்கள் பிடிக்கும். ரேடியோ, பேட்டரி, சார்ஜர், கருகியதற்கு மாற்றாக ஒரு ஈஎஸ்சி என்று தபாலில் வரவழைத்ததில் ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் குறைவாகச் செலவானது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ட்ரோனில் பாதி அவருடையது.

பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் 1972இல் தொழிற்பேட்டை திறந்தது; தோட்டத்துப் பெண்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். அம்மா 1979இல் பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தது. அதுவரை இருட்டோடு எழுந்து, பஸ் ஏறி, ஃபெர்ரி ஏறி, அந்தக் கரையில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போவார். பெரும்பாலான வருடங்கள் டச்-அப் லைனில். மெஷின் சோல்டர் செய்து அனுப்பும் போர்டுகளில் எது ஒட்டவில்லை, எது வழிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து, கையால் திருத்துகிற வேலை. வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கழுத்து வலி என்பார், அவ்வளவுதான்.

நான் சாப்பாட்டு மேசையில் 30 வாட் சோல்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு பேட்டரி வயரைச் சட்டத்தின் அடித்தட்டில் ஒட்டினேன். எஃப்450இன் அடித்தட்டுதான் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் போர்டு. உள்ளே தடிமனான செம்புப் பட்டை ஓடுகிறது. நான் வைத்த சோல்டர் உருண்டையாக, அழகாக, சீனிப்பாகில் செய்த உருண்டை போல உட்கார்ந்தது. பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பார்வை பார்த்தார். வயரைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"உருண்டையா நின்னா ஒட்டலன்னு அர்த்தம்டா. தண்ணி இலை மேல நிக்கிற மாதிரி. நல்லா ஒட்டினா பரவி, ஓரத்துல சரிவா இறங்கியிருக்கும்" என்றார். "கோல்ட் சோல்டர் இது, சூடு பத்தாத ஒட்டு. போர்டு சூடாகல, நீ சோல்டர மட்டும் உருக்கியிருக்க."

அதுதான் விஷயம். தடித்த செம்பு, அயர்ன் முனையின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. 60 வாட் அயர்னும் அகலமான முனையும் வாங்கினோம். முதலில் போர்டையும் வயரையும் தனித்தனியே சூடாக்கி, இரண்டிலும் மெல்லிசாகச் சோல்டர் பூசி, அப்புறம் சேர்த்து, சேர்த்த பிறகு ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். அம்மா பிடித்தபோது மூச்சுகூட விடவில்லை என்று தோன்றியது. அப்போது ஒன்று சொன்னார். 2006இல் ஐரோப்பிய விதியால் ஈயமில்லாத சோல்டருக்கு மாறியபோது லைனில் எல்லோரும் திண்டாடினார்களாம். ஈயம் கலந்த 63/37 சோல்டர் 183 டிகிரியில் உருகி, ஆறியதும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஈயமில்லாதது ஏறக்குறைய 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், நன்றாக ஒட்டியிருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். இருபத்தைந்து வருடம் மங்கல் என்றால் கோளாறு என்று பழகிய கண்ணுக்கு, நல்லதெல்லாம் கோளாறாகத் தெரிந்ததாம். வீட்டுக்கு ஈயம் கலந்ததையே வாங்கச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, இந்த மேசையில் இனி சாப்பாடு கிடையாது என்று மூன்று சட்டம் போட்டார். இரண்டு மாதம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

பேட்டரியை முதல் முறை நேராகச் செருகாமல், நடுவில் ஒரு 12 வோல்ட் 21 வாட் காடி (கார்) பல்பைத் தொடராக மாட்டினேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், போர்டு தப்பித்துவிடும். ஷார்ட் இல்லையென்றால் ஒரு கணம் மினுங்கி அணையும். எங்கள் பல்பு மினுங்கி அணைந்தது. அன்று இரண்டு வெள்ளிச் சாமான், கட்டுகிறவர்கள் எல்லோரும் வைத்திருக்க வேண்டியது.

லிப்போ பேட்டரியை அம்மா கடைசிவரை நம்பவில்லை, நம்பாததும் சரிதான். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, பறக்கும்போது 3.5க்கு வந்தால் இறக்கிவிட வேண்டும், சும்மா வைப்பதென்றால் 3.8இல் வைக்க வேண்டும். குத்துப்பட்டாலோ உப்பினாலோ தீப்பிடிக்கலாம். அதனால் சார்ஜ் செய்வது பால்கனியில், பழைய பொங்கல் பானைக்குள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். பானையில் எது வேண்டுமானாலும் பொங்கலாம், பேட்டரி பொங்கக் கூடாது என்பது வீட்டில் நிரந்தர நகைச்சுவையாகிவிட்டது.

கட்டி முடித்தும் பறக்கவிட இடம் இல்லை. நாட்டின் நிலைமை ஒரு பக்கம், பினாங்கின் அமைப்பு இன்னொரு பக்கம். தீவின் தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், இந்தக் கரையில் பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம். என் வீடு இரண்டுக்கும் நடுவே, வத்திப்பெட்டிகளை அடுக்கியது போன்ற மாடிகளுக்குள். 2016ஆம் ஆண்டின் வான்போக்குவரத்து விதிகள்படி, அனுமதி இல்லாமல் விமான நிலையச் சுற்றுவட்டத்துக்குள்ளும் பறக்கவிடக் கூடாது, தரையிலிருந்து 400 அடிக்கு மேலும் போகக் கூடாது. கட்டுகிறவர்கள் மோட்டார் வாங்குவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுவது நல்லது; நான் பின்னால்தான் படித்தேன். ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்ததும்தான் மாமாவின் தோட்டத்துக்குப் போக முடிந்தது. குட்டிக்கரணம் அன்றுதான்.

இறக்கையை மாற்றி மாட்டிய அடுத்த ஞாயிறு அது எழும்பி நின்றது. நின்றது என்பது பெரிய வார்த்தை. கேகே2 போர்டுக்கு ஜிபிஎஸ் கிடையாது, உயரம் தெரியாது. சாய்ந்தால் நிமிர்த்தும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நம் விரல். காற்று எந்தப் பக்கம் போகிறதோ ட்ரோனும் அந்தப் பக்கம் போகும். காலை பத்து மணி வரை தோட்டத்தில் காற்று இருக்காது, அதற்குள் நான்கு பேட்டரி ஓட்டிவிடுவேன். 2200 மில்லியாம்ப்-அவர் பேட்டரிக்கு ஒன்பது நிமிடம். அந்த ஆறு மாதமும் ஜிபிஎஸ் இல்லாமல் ஓட்டியதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி. முதலிலேயே எல்லாம் தானாகச் செய்கிற போர்டை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

2021 ஜனவரியில் மறுபடி பினாங்கில் கட்டுப்பாட்டு ஆணை. மறுபடி சாப்பாட்டு மேசை. இந்த முறை ஆசை முற்றிவிட்டது. கேகே2வுக்குப் பதில் பிக்ஸ்ஹாக் போர்டின் நகல், ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் சேர்ந்த வட்டக் குமிழ், 5200 மில்லியாம்ப்-அவர் பேட்டரி. மூன்றையும் ஒரே இரவில் மாட்டிவிட்டேன். போர்டில் ஆர்டுபைலட் மென்பொருளை ஏற்றி, அதைக் கணினியிலிருந்து அமைக்கும் மிஷன் பிளானரில் பச்சை விளக்கெல்லாம் பார்த்து, கட்டுப்பாடு தளர்ந்ததும் திடலுக்கு ஓடினேன்.

எழும்பவே இல்லை, மறுபடி குட்டிக்கரணம். இந்தத் தடவை இறக்கை சரி, வயர்தான் தப்பு. கேகே2இல் முதல் மோட்டார் முன்னால் இடது, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3, 4. ஆர்டுபைலட்டில் முதல் மோட்டார் முன்னால் வலது, இரண்டாவது பின்னால் இடது, மூன்றாவது முன்னால் இடது, நான்காவது பின்னால் வலது. நான் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு என்று சமர்த்தாகச் செருகியிருந்தேன். சுற்றும் திசையெல்லாம் சரியாக இருந்தது, எண் மட்டும் இடம் மாறியிருந்தது. போர்டு இடது முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னால் வலது பின்பக்கம் தூக்கியது.

அதைச் சரிசெய்ததும் எழும்பியது. நின்ற இடத்தில் நிற்கும் நிலைக்கு மாற்றினேன். ட்ரோன் மெதுவாக ஒரு வட்டம் போட்டது, அப்புறம் அதைவிடப் பெரிய வட்டம். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னடா, கோயில் சுத்துதா?" என்றார். உயரத்தை மட்டும் பிடிக்கும் நிலைக்கு மாற்றினால், குச்சியை நடுவில் விட்டும் தன்பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. பயந்துபோய்க் கையால் ஓட்டும் நிலைக்கு மாற்றி இறக்கினேன். கேகே2 காலத்தில் பழகிய விரல் அன்று உதவியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் போர்டு மட்டம், ஜிபிஎஸ் மட்டம், பேட்டரி கனம் என்று புலம்பினேன். அம்மா கேட்டுக்கொண்டே வந்து, "எத்தன மாத்தின?" என்றார். மூன்று என்றேன். "லைன்ல ஒரு சாமான் மாத்தினா ஒரு லாட் ஓட்டிப் பாப்பாங்க. அது பாஸ் ஆனாத்தான் அடுத்தது. ரெண்டு சேத்து மாத்தினவன சூப்பர்வைசர் விடமாட்டான்."

அன்றிரவே ஜிபிஎஸ்ஸையும் பெரிய பேட்டரியையும் கழற்றினோம். போர்டு மட்டும். பழைய 2200 பேட்டரியோடு ஓட்டி, பதிவான லாகைக் கணினியில் திறந்து பார்த்தால் அதிர்வு மேலும் கீழுமாக 40ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. 30க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் ஆர்டுபைலட் சொல்லும் அளவு. ஏறிக்கொண்டே போனதன் காரணம் புரிந்தது. போர்டுக்குள் இருக்கும் முடுக்கமானியை அதிர்வு குழப்பினால், ட்ரோன் தான் கீழே விழுந்துகொண்டிருப்பதாக நினைத்து மேலே ஏறும். அதிர்வு எங்கிருந்து வந்தது என்றால் இறக்கையிலிருந்து. ஒரு கம்பியில் கோத்து நிறுத்தினால் ஒரு பக்கம் கனத்துத் தொங்கியது. கனம் குறைந்த பக்கத்தில் துண்டு துண்டாக செல்லோடேப் ஒட்டி, எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை அம்மா பொறுமையாகச் சரிசெய்தார். நான்கு இறக்கைக்கு ஒரு மாலைப்பொழுது. போர்டுக்கு அடியில் மெத்தென்ற பஞ்சு டேப். அடுத்த ஓட்டத்தில் அதிர்வு 12 சொச்சம். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை, நான் செய்த மேம்பாடுகளிலேயே பெரியது இதுதான். யாராவது என்னிடம் அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டால் செல்லோடேப் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் ஜிபிஎஸ். கோயில் சுற்றியதற்குக் காரணம் திசைகாட்டி. குமிழை மேல்தட்டிலேயே, பேட்டரி வயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பதினைந்து ஆம்பியர் ஓடும் வயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். திசைகாட்டி அதை வடக்கு என்று நம்பிவிடும். தன் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவன், இடப்பக்கம் திருத்துவதாக நினைத்து வேறு பக்கம் திருத்துவான், அதுதான் வட்டமாகிறது. ஒரு சாண் உயரத்துக்குக் கம்பம் வைத்து குமிழை மேலே தூக்கினேன். போகிற வயரையும் வருகிற வயரையும் பின்னிவிட்டேன், ஒன்றின் புலத்தை மற்றது தின்றுவிடும். திசைகாட்டியை மறுபடி பழக்கும்போது காடியிலிருந்தும் இரும்பு வேலியிலிருந்தும் விலகி, திடலின் நடுவில் நின்று ட்ரோனைக் கையில் எல்லாப் பக்கமும் சுழற்றினேன். பொடியன்கள் அதைச் சாமியாட்டம் என்றார்கள். பிறகு அது ஆணி அடித்தது போல நின்றது. பெரிய பேட்டரியைக் கடைசியில் மாட்டினோம். கொள்ளளவு இரண்டு மடங்குக்கு மேல், பறந்த நேரமோ ஒன்பதிலிருந்து பதினைந்து நிமிடம்தான். கூடுதல் கனத்தைத் தூக்கவே கொஞ்சம் போய்விடுகிறது.

எல்லாம் சரியான பிறகு செய்த தப்பு ஒன்று உண்டு, அது முழுக்க என் தலையில்தான். பேட்டரி குறைந்தால் ட்ரோன் தானே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. திரும்பும் முன் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். திறந்து பார்த்தால் 1500 என்று இருந்தது. ஒன்றரை கிலோமீட்டரா! 400 அடிச் சட்டத்தை அப்போதுதான் மனப்பாடம் செய்திருந்ததால், இதைப் போட்டவர்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே 30 என்று திருத்தினேன். அந்த எண் சென்டிமீட்டரில். 1500 என்பது பதினைந்து மீட்டர். நான் கொடுத்தது ஒரு அடி. கொடுத்த உயரத்தைவிட மேலே இருந்தால் ட்ரோன் ஏறாது, இருக்கிற உயரத்திலேயே திரும்பும். ஆறு மீட்டர் உயரத்தில், திடலின் அந்த ஓரத்திலிருந்து, நேர்கோட்டில் வந்து கோயிலடித் தென்னையின் மட்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மாமா செம்பனைக் குலை வெட்டும் நீளக் கழியைக் கொண்டுவந்து, அரிவாளைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடத்தில் தட்டி இறக்கினார். ஒரு கை முறிந்திருந்தது. எஃப்450இன் அருமை அதுதான், கை அப்போது பத்து வெள்ளிக்குள் கிடைத்தது. இப்போது அந்த எண் 3000.

அந்த ட்ரோன் இன்னும் அலமாரிமேல் இருக்கிறது, மாதம் ஒருமுறை திடலுக்குப் போகிறது. இப்போது முதல் ட்ரோனாக எஃப்450 கட்டுகிறவர்கள் குறைவு. பலரும் ஐந்து அங்குல இறக்கை மாட்டும் கார்பன் சட்டம்தான். போன வாரம் எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. நான்கு ஈஎஸ்சியும் ஒரே போர்டில், தீப்பெட்டி அகலம்கூட இல்லை. அம்மாவுக்கு இப்போது அவ்வளவு சின்னது தெரிவதில்லை. என் போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, ஃபேக்டரியிலிருந்து வந்த சோல்டரை வரிசை வரிசையாகப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் நின்றார்.

"இந்தக் காலு ஒட்டல பாரு. யாரு லைனோ தெரியல. க்யூசி தூங்கிட்டாங்க."

நான் அயர்னை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டார். பில்லைத் தேடச் சொன்னார். திருப்பி அனுப்ப ஏழு நாள் இருக்கிறது.